கொலைகாரன் தெரிந்த பிறகும்

கண்ணமங்கலத்தில் என் சித்தப்பா புத்தகங்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். மாலைமதி, பாக்கெட் நாவல், க்ரைம் நாவல் எல்லாவற்றுக்கும் பழுப்பு அட்டை போட்டு, எண் எழுதியிருப்பார். கடையை மூடிப் பல வருஷமாகிறது. போன மாதம் பரண் ஒழித்தபோது நான் எழுதிய மர்ம நாவல் ஒன்று அகப்பட்டது. பன்னிரண்டாம் பக்கத்தில் யாரோ ஒரு புண்ணியவான் நீல மையில் எழுதியிருந்தார்: 'கொலை செய்தது டிரைவர்.' கீழே கையெழுத்து, தேதி வேறு. 14.3.89.

பேருந்து நிலையப் பெட்டிக்கடைகளில் மாத நாவல்கள் கொடி கட்டித் தொங்கிய காலத்தில் எழுத வந்தவன் நான். கதைக்கு ஒரே தொகை. மறுபதிப்பு வந்தால் காலணா கிடையாது. வருமானம் எங்கள் நாகநதி மாதிரிதான். ஜவ்வாது மலையில் மழை பிடித்தால் தண்ணீர், மற்ற நாளில் மணல். அப்புறம் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சித் தொடர்கள் வந்தன; மாத நாவல்கள் மெலிந்தன. என் கடைசி இரண்டு கதைகளுக்குப் பணம் வரவில்லை. பதிப்பாளரே நொடித்துப் போயிருந்தார். கேட்க வாய் வரவில்லை.

கோவையில் இருந்துகொண்டு 1,500 நாவல்களைத் தாண்டிய ராஜேஷ்குமாரைப் பார்த்து ஏங்கியதுண்டு. ஏக்கம் முற்றும்போது பக்கத்து ஊர்க்காரரை நினைத்துக்கொள்வேன். 1915-இல் தொடங்கிய 'ஆனந்தபோதினி'க்கு ஆசிரியராக இருந்த ஆரணி குப்புசாமி முதலியார், ரெயினால்ட்ஸ் போன்றவர்களின் கதைகளைத் தமிழுக்கு இழுத்து வந்து துப்பறியும் நாவல்களாக எழுதிக் குவித்தவர். இன்று ஆரணியில் இறங்கி அவர் பெயரைச் சொன்னால், ஏதோ பட்டுச்சேலைக் கடை என்று நினைத்து வழி காட்டுவார்கள். அவருக்கே அப்படியென்றால் என் கதையின் முடிவை யாரும் பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டியதில்லை.

அந்த நீல மையைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. அந்த டிரைவரை ஒளித்து வைக்க எத்தனை ராத்திரி கண்விழித்திருப்பேன்! பின்னட்டையின் உள்பக்கத்தைப் புரட்டினேன். புத்தகம் எடுத்தவரின் எண்ணையும் தேதியையும் சித்தப்பா அங்கே குறித்து வைப்பார். 14.3.89-க்குப் பிறகு இருபத்து மூன்று வரிகள் இருந்தன. அதில் 31-ஆம் எண்காரர் மூன்று முறை எடுத்திருக்கிறார்.

கொலைகாரன் யாரென்று தெரிந்தும் மூன்று முறை! விற்பனை, பணம், பெயர் என்று நான் போட்ட கணக்கில் இந்த மனிதருக்கு இடமே இல்லை. முடிவுக்காகத்தான் படிக்கிறார்கள் என்று நம்பி முடிவை மட்டும் காவல் காத்திருக்கிறேன். அவருக்கு வேண்டியது நடுவில் எங்கோ இருந்திருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் வரும் டீக்கடையோ, வாய் ஓயாத அந்தக் கிழவியோ. எழுதியபோது அவற்றைப் பக்கம் நிரப்பும் சரக்கு என்றுதான் நினைத்தேன். என் நாட்களையும் அப்படித்தான் நினைத்துக் கழித்திருக்கிறேன்.

"31-ஆம் நம்பர் யாரு சித்தப்பா?" என்று கேட்டேன்.

"மெம்பர் நோட்டைக் கரையான் தின்னு நாளாச்சுப்பா" என்றார்.