நோவேயின் பெட்டகமும் வண்டலூர் அகழியும்



முன்னெல்லாம் நம் சங்கரன்கோவிலிலிருந்து சென்னைக்குப் போனவர்கள், சென்ட்ரல் பக்கம் 'உயிர்க் காலேஜ்' பார்த்து வந்ததாகச் சொல்வார்கள். 1855-ல் தோன்றிய அந்த மிருகக்காட்சிசாலை இடம் போதாமல் 1985-ல் வண்டலூருக்கு மாறியது. அங்கே கம்பிக்குப் பதில் பெரும்பாலும் அகழி. நல்லதுதான். ஆனாலும் 2021 ஜூனில் கொரோனா கண்டு இரண்டு சிங்கங்கள் அங்கே மாண்டன. அந்த வியாதியைத் தேடி அவைகள் போகவில்லை.

அப்படியானால், மிருகங்களை அடைத்து வைப்பது பாவமா? நோவேயும் அடைத்துத்தான் வைத்தார். ஆனால் அவைகளின் உயிருக்காக அடைத்தார். வெள்ளம் வடிந்ததும் சர்வேசுரன் கட்டளைப்படி வெளியே விட்டார். சர்க்கஸிலிருந்து மீட்ட சிங்கங்களை வண்டலூரில் பேணியதும், அருகிவரும் சிங்கவால் குரங்குகளைக் காப்பதும் பெட்டகத்தின் வேலை. உறங்குகிற புலியைக் கல்லெறிந்து எழுப்புவது யாருடைய வேலை? நம் பிள்ளைகள் எறிகிறார்கள். நாம் பக்கத்தில் நின்று சிரிக்கிறோம்.

வண்டலூராவது தூரம். நம் வீட்டுத் திண்ணையில் தொங்கும் கிளிக்கூண்டு எந்த வெள்ளத்துக்குப் பயந்து தொங்குகிறது? பச்சைக்கிளியைப் பிடித்து வளர்ப்பதை 1972-ம் வருஷத்து வன உயிரினச் சட்டமே தடுக்கிறது. அதற்காக இன்றைக்கே கூண்டைத் திறந்துவிடாதீர்கள். இறகு வெட்டிய கிளி பூனைக்குத்தான் இரையாகும். வனத்துறையாரிடம் ஒப்படையுங்கள். தனியே போகத் தயங்குகிறவர்கள் பூசை முடிந்ததும் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.