பாலமும் மனச்சான்றும்

செய்யும் தொழிலைச் செம்மையாகச் செய்தல் வேண்டும் என்று மாணவருக்கு நாள்தோறும் கற்பிக்கிறோம். அத்தொழில் யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்கவும் கற்பிக்கிறோமா? இவ்வினாவை என்னுள் எழுப்பியது, ஆங்கிலேய இயக்குநர் டேவிட் லீன் 1957இல் அளித்த 'குவாய் ஆற்றுப் பாலம்' என்னும் திரைப்படமாகும்.

சயாமில் சப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலப் படையின் தலைவர் கர்னல் நிக்கல்சன். அதிகாரிகள் கூலிவேலை செய்யலாகாது என்னும் நெறிக்காகச் சித்திரவதையையும் தாங்குகிறார், வெல்கிறார். அதன்பின் நேர்வதுதான் விந்தை. தம் வீரர்களின் ஒழுங்கையும் மானத்தையும் காக்கப் பகைவனின் இரயில் பாலத்தைத் தாமே முன்னின்று கட்டுகிறார். பகைவன் திட்டமிட்டதைவிட உறுதியாகக் கட்டுகிறார்! வேலை முடியவேண்டுமென்று எந்த நெறிக்காகத் துன்புற்றாரோ அதனையே கைவிட்டு, அதிகாரிகளையும் நோயாளிகளையும் பணிக்கு அழைக்கிறார். இறுதியில், பாலத்தைத் தகர்க்க வந்த தம் நாட்டவரையே தடுக்க முனைகிறார். அவர் தீயவர் அல்லர், கடமையுணர்வு மிக்கவர். அதுவே நம்மை அச்சுறுத்துகிறது.

படத்தொகுப்பாளராகத் தொழில் பழகிய லீனும் (1908–1991) செம்மையில் பித்துக்கொண்டவரே. 1942 முதல் 1984 வரை அவர் இயக்கியவை பதினாறு படங்களே. இப்படத்திற்கென இலங்கையின் களனி ஆற்றின்மீது மெய்யாகவே பெரியதொரு மரப்பாலம் கட்டி, அதனைத் தகர்த்தார். ஏழு ஆஸ்கார் விருதுகள் கிடைத்தன.

ஆயினும் அப்பாதையின் வரலாறு படத்தில் முழுமையாக இல்லை. 1942–43இல், ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த இரயில் பாதையில் மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். மாண்ட ஆசியத் தொழிலாளரோ அவர்களைப்போல் பன்மடங்கினர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவருள் பல்லாயிரவர். படத்தில் அவர்களைக் காணோம்.

கலைஞன் வரலாற்றாசிரியன் அல்லன் என்பர். ஒப்புகிறேன், நிக்கல்சனின் அகப்போரே லீனின் பொருள். ஆனால் உலகம் அப்பாதையை நினைவுகொள்வது பெரிதும் இப்படத்தின் வழியாகத்தான். தம் பாலத்தின் வனப்பில் மயங்கி அது யாருக்கானது என்பதை நிக்கல்சன் மறந்தார். படத்தின் வனப்பில் மயங்கிய நாமும் யார் விடுபட்டார் என்று நெடுங்காலம் கேட்கவில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன். முதன்முறை பார்த்தபோது கைதட்டினேன்.

காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் போர்க்கைதிகளின் பெயர்கள் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. நம்மவருள் மிகப் பலர் பெயர் பொறித்த கல்லின்றிக் காட்டிலேயே புதைந்து போயினர்.