பார்ப்பதும் ஒரு கடமை



சில ஆண்டுகளுக்கு முன் ஊர்ப் பாடசாலை மண்டபம் ஒன்றில் ஓர் ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. ஓவியத்தைத் தொழிலாகக் கொள்ளாது, ஓய்வு நேரத்தில் மட்டும் தூரிகை பிடிக்கின்ற பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து அதனை நடத்தினார்கள். இரண்டு ஆசிரியைகள், கூட்டுறவுச் சங்க எழுதுவினைஞர் ஒருவர், வங்கியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர், இப்படிப் பலரும் அதில் இருந்தார்கள். திறந்து வைக்கும்படி என்னை அழைத்திருந்தார்கள். சென்றேன். நாடா வெட்டினேன், விளக்கேற்றினேன், கலை மனிதனை உயர்த்துகின்றது என்று பதினைந்து நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். தேநீர் அருந்தி, சுவரோரமாக ஒரு சுற்று நடந்து, எல்லோரிடமும் "நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்று சொல்லி, வேறு அலுவல் இருந்தபடியால் விடைபெற்றேன்.

மறுவாரம் அந்தத் தபாலதிபர் என்னைத் தேடி வந்தார். சிறிது நேரம் வேறு கதைகள் கதைத்துவிட்டு, "சுவாமி, உங்கடை பேச்சு நல்ல பேச்சு. ஒண்டு கேட்கலாமோ? என்ரை படம் எது எண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்குதோ?" என்றார்.

எனக்கு ஞாபகம் இருக்கவில்லை.

அவர் கோபிக்கவில்லை. "பரவாயில்லை சுவாமி. மூண்டு நாளும் நான் மண்டபத்திலைதான் நிண்டனான். ஒருத்தரும் குறை சொல்லேல்லை. ஒருத்தரும் பார்க்கவும் இல்லை. இந்த வயதிலை இதைக் கொண்டுபோய்ச் சுவரிலை மாட்டினது வெறும் பெருமைக்கோ எண்டு இப்ப யோசிக்கிறன்" என்றார்.

இந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. அதனையே இன்று உங்கள் முன் வைக்கிறேன். தான் செய்த ஒன்றைப் பலர் காண வைக்க வேண்டும் என்ற ஆசை குற்றமா? அப்படிக் காண வைத்தவருக்கு, காண வந்தவர்களாகிய நாம் கடமைப்பட்டது ஏதும் உண்டா?

முதலாவது கேள்விக்கு நம்மிடையே இரண்டு விடைகள் உலவுகின்றன. "நிறைகுடம் தளும்பாது, உண்மையான கலைஞன் தன்னைக் காட்டிக்கொள்ள மாட்டான்" என்பர் ஒரு சாரார். "கொடுக்கப்பட்ட தாலந்தைப் புதைத்து வைத்தவன் கண்டிக்கப்பட்டான் அல்லவா? ஆகவே காட்டத்தான் வேண்டும்" என்பர் மறு சாரார். இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. நற்செய்தியிலேயே விளக்கை மரக்காலின் கீழ் மறைக்க வேண்டாம் என்ற போதனையும், மனிதர் காண வேண்டுமென்று தருமம் செய்ய வேண்டாம் என்ற போதனையும் ஒரே மலைப்பொழிவில் வருகின்றன. எனவே காட்டுவது மட்டும் குற்றமாகாது. மறைப்பது மட்டும் புண்ணியமாகாது. வேறுபாடு இன்னும் உள்ளே இருக்க வேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவினாஸ் இதனைத் தெளிவாக ஆராய்ந்துள்ளார். புகழை விரும்புவது தன்னளவில் தீமையன்று. வீண் புகழை விரும்புவதே தீமை என்பது அவர் முடிவு. புகழ் எப்போது வீணாகின்றது? மூன்று வழிகளை அவர் காட்டுகிறார். புகழுக்குத் தகாத ஒன்றுக்காகப் புகழ் தேடும்போது. சரியாகத் தீர்ப்புச் சொல்ல இயலாதவர்களிடம் புகழ் தேடும்போது. அந்தப் புகழை இறைவனுடைய மகிமைக்கோ அயலவருடைய நன்மைக்கோ அன்றித் தனக்காகவே வைத்துக்கொள்ளும்போது.

அதே ஞானி இன்னோரிடத்தில், ஒரு கைவினைஞனைக் கைவினைஞன் என்ற முறையில் மெச்சுவது அவனுடைய எண்ணத்துக்காக அன்று, அவன் செய்த பொருளின் தரத்துக்காகவே என்கிறார். இதில் நமக்கு ஒரு பெரிய ஆறுதல் இருக்கின்றது. தச்சனுடைய மனத்தில் கொஞ்சம் பெருமை இருந்தாலும் கதிரை உறுதியாக இருந்தால் அது நல்ல கதிரைதான். படத்தை மாட்டியவருடைய உள்ளத்தை ஆராய்வது அவருடைய மனச்சாட்சியின் வேலை. நம்முடைய வேலை படத்தைப் பார்ப்பது. நாமோ பெரும்பாலும் இதனைத் தலைகீழாகச் செய்கிறோம். படத்தைப் பாராது மனிதரை அளக்கிறோம். "இவருக்கு ஏன் இந்த வேலை?" என்கிறோம், அல்லது "எங்கடை ஆள் அல்லவா" என்று புகழ்கிறோம்.

இனி, பாரிஸ் நகரில் வாழ்ந்த ஒருவரின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் ஹென்றி ரூசோ. தத்துவ ஆசிரியர் ரூசோ அல்லர். 1844இல் லவால் என்ற சிற்றூரில் பிறந்து, பாரிஸ் நகருக்குள் கொண்டுவரப்படும் பொருள்களுக்குத் தீர்வை அறவிடும் சாவடியில் வேலை பார்த்தவர். ஓவியப் பாடசாலை எதிலும் பயின்றவரல்லர். ஓய்வு நேரத்தில் தாமாகவே வரைந்து பழகினார்.

அக்காலப் பாரிசில் அரச ஆதரவு பெற்ற பெருங் கண்காட்சியில் இடம் பெற வேண்டுமானால் நடுவர் குழுவின் அனுமதி வேண்டும். இதற்கு மாறாக, 1884இல் சில ஓவியர்கள் கூடி, நடுவரும் இல்லை, பரிசும் இல்லை, விரும்பிய எவரும் காட்சிக்கு வைக்கலாம் என்ற விதியோடு "சுயேச்சை ஓவியர்" கண்காட்சியைத் தொடங்கினார்கள். அந்தத் திறந்த கதவின் வழியாக 1886இல் நமது தீர்வைக்காரர் உள்ளே நுழைந்தார். பின்னர் 1910இல் இறக்கும் வரை கிட்டத்தட்ட ஒவ்வோர் ஆண்டும் தம் படங்களை அங்கே மாட்டினார்.

மக்கள் அவருடைய படங்களின் முன் கூடினார்கள்; சிரிப்பதற்காகவே கூடினார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன. அவரோ அந்தக் கேலிகளையெல்லாம் கத்தரித்துக் கொப்பியில் ஒட்டி வைத்தார். 1891இல் புயலில் பதுங்கும் புலி ஒன்றை வரைந்து வைத்தபோது, வலோத்தோன் என்ற இளம் சுவிஸ் ஓவியர் மட்டும் நின்று பார்த்தார். அந்தப் படம் தவறவிடக் கூடாதது என்று தம் நாட்டுப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். சிரித்த கூட்டம் பார்த்த அதே படத்தைத்தான் அவரும் பார்த்தார். பார்த்த விதமே வேறு.

1898இல் ரூசோ, பாலைவனத்தில் நிலவொளியில் உறங்கும் நாடோடிப் பெண்ணின் படத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளுமாறு தாம் பிறந்த ஊரின் நகரபிதாவுக்கு எழுதினார். ஊர் மறுத்துவிட்டது. அந்தப் படம் இன்று நியூயோர்க் நவீன கலைக்கூடத்தில் இருக்கின்றது. புலியின் படம் லண்டன் தேசிய கலைக்கூடத்தில் இருக்கின்றது.

ஆனால் வாசகர்களே, இந்தக் கதையிலிருந்து தவறான பாடத்தைப் படித்துவிடக் கூடாது. "இன்று சிரிக்கிறவர்கள் நாளை வணங்குவார்கள்" என்பதல்ல இதன் கருத்து. கேலி செய்யப்பட்டவர் எல்லோரும் ரூசோ ஆகிவிடுவதில்லை. பொழுதுபோக்காக வரைகின்றவர்களுள் மிகப் பெரும்பாலோருடைய படங்கள் எந்தக் கலைக்கூடத்துக்கும் போகப் போவதில்லை. அவை பேரப்பிள்ளைகளின் வீட்டுச் சுவரிலோ, அலுமாரியின் மேலோதான் இருக்கும். அப்படியானால் அவற்றைப் பார்ப்பது வீணா? இல்லை. பெறுமதி வரும் என்று எதிர்பார்த்துப் பார்ப்பது வியாபாரம். ஒரு மனிதர் தம் கண்ணால் கண்டதை நமக்கும் காட்ட விரும்புகிறார் என்பதற்காகப் பார்ப்பதே பிறர் அன்பு.

நமது மண்ணிலும் இத்தகைய கூட்டங்கள் இருந்திருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் 1938இல் எஸ். ஆர். கனகசபை முதலியோர் முயற்சியால் வின்சர் ஓவியக் கழகம் தோன்றியது. பின்னர் ஓவியர் அ. மாற்கு நடத்திய கழகத்துக்கு "விடுமுறைக்கால ஓவியர் கழகம்" என்றே பெயர். விடுமுறையில் கிடைக்கும் நேரத்தைக் கலைக்குக் கொடுத்தவர்களின் கழகம் என்பதைப் பெயரே சொல்லுகின்றது. நல்ல ஓவியன் வானத்திலிருந்து குதிப்பதில்லை. ஒருவர் வரைந்ததை மற்றவர் பார்த்து, "இந்த நிழல் ஏன் இந்தப் பக்கம் விழுந்தது?" என்று கேட்கின்ற ஒரு சிறு வட்டத்திலிருந்துதான் பெரும்பாலும் வருகிறான்.

ஆனால் அந்த வட்டத்துக்கும் சோதனைகள் உண்டு. வாசலுக்கு நேரே யாருடைய படம், தூணுக்குப் பின்னால் யாருடைய படம் என்பதிலேயே மனத்தாங்கல் தொடங்கிவிடும். ஒருவருடைய படத்தின் கீழ் "விற்பனையானது" என்ற துண்டு ஒட்டப்பட்டால், பக்கத்துப் படத்துக்காரருடைய முகம் வாடிவிடும். இவற்றைவிட நுட்பமான சோதனை ஒன்று உண்டு. அது ஒருவரை ஒருவர் உண்மை பேசாது புகழ்ந்துகொள்வது. கலியாண வீட்டுச் சாப்பாட்டில் உப்புக் குறைந்தாலும் நல்லாயிருக்கு என்றுதானே சொல்லுவோம்! அது மரியாதை. ஆனால் சமைக்கப் பழகுகின்ற மகளிடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தால் அவள் ஒருநாளும் சமைக்கப் பழக மாட்டாள்.

பாராது சொல்லும் புகழ் பொய்தான், இனிப்பான பொய். கண்டனத்துக்காவது படத்தைப் பார்க்க வேண்டும். வெறும் புகழுக்கு அதுகூட வேண்டியதில்லை. அந்தக் கண்காட்சியின் வருகையாளர் புத்தகத்தைத் தபாலதிபர் எனக்குக் காட்டினார். "நன்று." "தொடர வாழ்த்துகள்." "கலைப்பணி வளர்க." பக்கம் பக்கமாக இவைதான். எந்தப் படத்தையும் பற்றி ஒரு வரியும் இல்லை. முதற் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, என் கையெழுத்து இருந்தது. நானும் அதையேதான் எழுதியிருந்தேன்.

அடுத்த ஞாயிறு மாலை அவர் வீட்டுக்குப் போனேன். படத்தை யன்னல் வெளிச்சத்தில் வைக்கச் சொல்லி, முன்னால் ஒரு கதிரை போட்டு இருந்தேன். தபாற்கந்தோர் யன்னல் ஒன்றை அவர் வரைந்திருந்தார். கம்பி வலையின் கீழுள்ள சிறு இடைவெளியால் உள்ளே நீளுகின்ற கைகள் மட்டுமே தெரிந்தன. முகம் எதுவும் இல்லை. வளையல் அணிந்த கை, மண் ஒட்டிய கை, தந்திப் படிவத்தைக் கசக்கிப் பிடித்த கை. வேலை செய்த காலமெல்லாம் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து அவர் கண்டது அந்தக் கைகளைத்தான். மண்டபத்தில் அதனைக் கடந்து நடந்தேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

நெடுநேரம் பார்த்தபின், "இந்தக் கிழவியின் கையில் பெருவிரல் பிழையான பக்கத்தில் இருக்கின்றதே" என்றேன். சொன்ன பின்புதான் அவர் வருந்துவாரோ என்று பயந்தேன். அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். தம் கையைத் திருப்பித் திருப்பி ஒப்பிட்டார். பின் மனைவியைக் கூப்பிட்டு, "இஞ்சை வந்து பாருமன், சுவாமி படத்தைப் பார்த்திட்டார்!" என்று சிறு பிள்ளையைப் போல் சிரித்தார். பிழை சொன்னதற்காக ஒருவர் அவ்வளவு மகிழ்ந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அவர் புகழைத் தேடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. தாம் கண்டதை இன்னொருவரும் காண வேண்டும் என்றே தேடினார். அந்தத் தேட்டம் பெருமையாகாது. கண்ட நல்லதைத் தனியே வைத்துக்கொள்ள மனம் ஒப்பாமையே அது. ஆகவே ஓய்வு நேரத்தில் வரைகின்ற, பாடுகின்ற, எழுதுகின்ற அன்பர்களே, வெட்கப்படாது வெளியே கொண்டு வாருங்கள். ஆனால் வருகின்றவர் உங்களைப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் படத்தைப் பார்க்க விடுங்கள். குற்றம் சொன்னவரைப் பகையாக எண்ணாதீர்கள். அவர் நின்று பார்த்தவர்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை ஒரு கடதாசியை நீட்டி, "அம்மா, பாருங்கோ" என்று வரும்போது, அடுப்பைப் பார்த்தபடி "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பாருங்கள். "இந்த மாடு ஏன் நீலம்?" என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை சொல்லும் காரணத்தைப் பொறுமையாக இருந்து கேளுங்கள்.