அந்த எண்ணைப் படி!

"பழைய சவுண்ட் கார்டு சார், டிரைவர் கிடைக்காது. தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்குங்க." இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தவனா நீ? உட்கார். மின் இணைப்பைப் பிடுங்கு. கேபினெட்டைத் திற!

உன்னிடம் இருப்பது 1998-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் என்று வைத்துக்கொள்வோம். தூசியைத் துடை. நடுவிலுள்ள கறுப்புச் சில்லில் 'ஈஎம்யூ10கே1' என்று பொடி எழுத்தில் பொறித்திருக்கும். தங்க நிறப் பற்கள் மங்கியிருந்தால் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, ஸ்லாட்டில் அழுத்திச் செருகு.

இனி மின் இணைப்பைக் கொடுத்து, விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திற. மஞ்சள் ஆச்சரியக்குறியைப் பார்த்துக் கலங்காதே! 'கார்டு இருக்கிறது, அதோடு பேச எனக்குத் தெரியவில்லை' என்று கணினி உன்னிடம் முறையிடுகிறது, அவ்வளவுதான். பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், ஹார்டுவேர் ஐடி என்று உள்ளே போ. தயாரிப்பாளர் எண் 1102, கருவி எண் 0002. பெட்டி தொலைந்திருக்கலாம், சிடி கீறிப்போயிருக்கலாம். இந்த எண் உன்னைக் கைவிடாது. இதை வைத்து நீயே தேடு. 'ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும்' என்று கூவும் மென்பொருளை அண்டவிடாதே!

இந்தச் சில்லுக்காகவே தனி நிரலாளர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்த கேஎக்ஸ் டிரைவர் இருக்கிறது. உன் விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா? முதலில் அதைப் பார். 32 பிட் டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. பழைய டிரைவரை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, அப்புறம் புதியதை ஏற்று.

அப்படியும் ஊமையா? பென்டிரைவில் லினக்ஸைப் போட்டு பூட் செய். இந்தச் சில்லின் டிரைவர் லினக்ஸ் கெர்னலோடே வருகிறது. அங்கே பாட்டுக் கேட்டால் உன் கார்டுக்கு ஒரு குறையும் இல்லை. பிழை டிரைவரில்தான். அதை உன்னால் திருத்த முடியும்!

எனக்கும் 'தூக்கிப் போடு' என்றுதான் சொன்னார்கள். எங்கள் ஊர்த் திருவிழாவில் பதிந்த நாதஸ்வரக் கேசட்டைக் கணினியில் ஏற்ற வேண்டும், விடவில்லை நான். மூன்றாம் நாள் நள்ளிரவில் ஸ்பீக்கர் 'டப்' என்றது. டேப் ரெக்கார்டரின் ஒயரை லைன் இன்னில் சொருகினேன். முதலில் நாடாவின் இரைச்சல். பிறகு தவில்.