ஆசிரியரன்பு பாசமோ?

ஆசிரியர் மாணாக்கரிடத்து அன்புடையராதல் வேண்டுமென்பதை மறுப்பார் ஒருவரும் இலர். ஆயினும் சைவநூலுணர்ந்தார்க்கு ஈண்டு ஓர் ஐயம் நிகழ்தல் கூடும். உயிரைப் பிணிப்பது பாசம் என்பது சித்தாந்தம். மனைவி மக்கள்மேற் செல்லும் பற்று உயிரைப் பிணித்தல் போல, மாணாக்கன்மேற் செல்லும் அன்பும் ஆசிரியனைப் பிணியாதோ? அவ்வன்பிற் கட்டுண்ட மாணாக்கனும் ஆசிரியனைக் கடந்து அப்பாற் செல்ல மாட்டாதவனாய் நின்றுவிடானோ? அங்ஙனமாயின், அன்பு சிறிதுமின்றி நூற்பொருளை மட்டும் உரைத்துச் செல்லும் ஆசிரியனே மேலானவன் என முடியும். இவ்வையம் தெளிதற்பாலது.

ஆசிரியராதற்குத் தகாதாரைக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்னும் நான்கனோடும் ஒப்பிடுவர் நன்னூலார். இவற்றுள் மடற்பனை கருதத்தக்கது. கருக்கு நிறைந்த மடல் சூழ்ந்து நிற்றலின், தன்பால் ஏறிப் பறிப்பார்க்கு அஃது இடந்தராது. தானே வீழ்த்தும் கனியை மட்டுமே பிறர் எடுத்துக்கொள்ளலாம். பனையினிடத்துக் கனி இல்லாமையன்று குறை, அணுகவொட்டாமையே குறை. அவ்வாறே, கல்வி நிறைந்தும் அன்பிலாத ஆசிரியன்பால் மாணாக்கன் தனக்கு வேண்டுவதைப் பெறுதல் அரிது. ஆகலின் அன்பின்மை மேன்மையாகாது என்பது முதற்கண் பெறப்படும்.

இனி, அன்பு எவ்வாறு இயங்குகின்றது என்பதை ஒருவர் வரலாற்றில் வைத்துக் காண்டல் நலம். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815-1876) இளமையில் நூல்களைத் தேடித் தேடி வருந்திக் கற்றவர். தண்டியலங்காரத்தைப் பாடங்கேட்டற்பொருட்டு, பிச்சையேற்றுண்ட பரதேசி ஒருவரின் பின்னே அவர் மனங்கோணாதவாறு திரிந்தனர். மடற்பனையின் அடியிற் காத்து நின்ற துன்பத்தைத் தாமே நுகர்ந்த அப்பெரியார், தம்பால் வந்தார்க்கு அத்துன்பம் நேராதவாறு பொருள் கருதாது கற்பித்தனர். தாம் கடன்பட்டு வருந்திய காலத்தும் மாணாக்கரை ஆதரித்தலைக் கைவிட்டிலர்.

1871-ஆம் ஆண்டளவில் மாயூரத்தில் அவர்பால் வந்துசேர்ந்தவர் சாமிநாதையர். அவர் 16 வயதினர். தொடக்கத்திற் பிள்ளையவர்கள் தம் மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளையைக்கொண்டு அவர்க்குப் பாடஞ்சொல்லுவித்தனர். ஆசிரியரிடமே நேரிற் கேட்க வேண்டுமென்னும் வேட்கை இளைஞர்க்கு மிக்கது. வாய்திறந்து சொல்லவோ அச்சம். பிள்ளையவர்கள் தம் தோட்டத்திற் புதிதாக வைத்த மரங்களை நாடோறும் காலையிற் சென்று, தளிர் விட்டனவோ என்று ஆர்வத்துடன் நோக்குவது வழக்கம். அதனை அறிந்த இளைஞர் அவர்க்கு முன்னே சென்று, புதிய தளிர் உள்ள இடங்களைப் பார்த்து வைத்துக் காட்டுவாராயினர். ஆசிரியர் மகிழ்ந்தனர், அச்சம் நீங்கிய மாணாக்கர் தம் விருப்பத்தை வெளியிட்டனர், ஆசிரியரும் தாமே கற்பிக்கத் தொடங்கினர். தாம் நட்ட மரத்தின் தளிரை ஒருவர் வந்து காட்டக் களித்தவர், தம்முன் நின்ற இளைஞனாகிய தளிரையும் அவ்வாறே பேணினர் என்க.

அற்றேல், அவ்வன்பு பிணித்ததில்லையோ எனின், பிணித்ததொரு நிகழ்ச்சியும் உண்டு. சாமிநாதையர் மாயூரத்திலேயே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயின்று வந்தனர். அதனைப் பின்னர் அறிந்த பிள்ளையவர்கள், இசையிற் புகுந்த உள்ளம் இலக்கியத்தில் ஆழாதென்று கருதினர். மாணாக்கர் இசைப்பயிற்சியை விட்டொழிந்தனர். நல்லதொரு கலையை இழந்தமை இழப்பேயாம். ஆசிரியரன்பிலும் ‘எனது’ என்னும் பற்று ஒரோவழிக் கலத்தல் கூடுமென்பதை இதனால் உணர்தல் வேண்டும். பெரியார்மாட்டு நிகழ்ந்ததென்று அதனை மறைத்தல் உண்மைக்கு ஒவ்வாது.

ஆயின் அன்பு பாசமோ அருளோ என்பதை ஒரு நிகழ்ச்சியால் அன்றி, அது முடிவில் எங்கே கொண்டு சேர்க்கின்றது என்பதனால் அளத்தல் வேண்டும். சிவஞானபோதத்தின் எட்டாஞ் சூத்திரம் இதற்கு உரைகல். ஐம்பொறிகளாகிய வேடர்நடுவே வளர்ந்து தன்னை மறந்த அரசிளங்குமரன் போன்றது உயிர். குருவாய் எழுந்தருளும் இறைவன் அதனை, ‘நீ இவரல்லை’ என்று தெருட்டி, அதற்குரிய இடத்திற் சேர்ப்பிக்கின்றான். ஞானாசிரியன் செயலாகிய இஃது எழுத்தறிவிக்கும் ஆசிரியனுக்கும் வழிகாட்டியாம். மாணாக்கனைத் தன்னதாக்கிக்கொள்ளுதல் பாசம். அவனை அவன் பெருமைக்கு உரியவனாக்குதல் அருள்.

இவ்வுரைகல்லிற் பிள்ளையவர்களின் அன்பு மாற்றுக் குறைந்திலது. சவேரிநாத பிள்ளை கிறித்தவர். சைவச் செம்மலாகிய ஆசிரியரை அணுகியிருந்தும் கிறித்தவராகவே இருந்தனர். 1876 பிப்ரவரி முதல் நாள், இறுதிக்காலத்தில் ஆசிரியரைத் தாங்கியிருந்தவர் அவரே. அருகிருந்து திருவாசகத்தின் அடைக்கலப்பத்தை ஓதியவர் சாமிநாதையர். 1880-இல் கும்பகோணம் கல்லூரியினின்று ஓய்வுபெற்ற தியாகராச செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. தம் பதவியைச் சாமிநாதையர்க்கு வாய்க்கச் செய்தவர் அவர். ஆசிரியர் சொரிந்த அன்பு, அவர் மறைந்த பின்னரும் மாணாக்கரிடையே உதவியாய்ப் பெருகிற்று. அதன் பின்னர்ச் சாமிநாதையர், ஆசிரியர் தமக்குப் பாடஞ்சொல்லாத சீவகசிந்தாமணியை 1887-லும், புறநானூற்றை 1894-லும் பதிப்பித்துத் தமிழுலகிற்கு வழங்கினர். ஆசிரியர் சென்ற எல்லையைக் கடந்து சென்றவர், 1933-இல் அவர்தம் சரித்திரத்தின் முதற்பாகத்தை வெளியிட்டு நன்றி செலுத்தினர்.

ஆகவே, அன்பு வேண்டுமோ வேண்டாவோ என்பதன்று வினா. கற்பிப்பார் ஒவ்வொருவரும் தம் நெஞ்சை வினாவ வேண்டுவது இதுவே: ‘இவன் என்னைக் கடந்து செல்லும் நாளில் என் உள்ளம் வாடுமோ, மகிழுமோ?’ வாடுமாயின் அவ்வன்பிற் பாசம் கலந்துளது. அதனைக் களைதல் கடன். மகிழுமாயின் அது திருவருளின் சாயையேயாம். தளிரைக் கண்டு மகிழ்வோன், அது தன் தலைக்கு மேல் ஓங்கி வளர்தற்கன்றோ நீர் வார்த்தனன்!