கைநாட்டும் கணக்கும்

பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டுகிற வருஷத்தில் நம் வீடுகளில் ஓர் ஆட்சி மாற்றம் நடக்கிறது. யாரும் அதைத் தண்டோராப் போட்டு அறிவிப்பதில்லை. அதுவரை கூட்டலும் கழித்தலும் சொல்லிக் கொடுத்து வந்த தகப்பனார், ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் பிரித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். இயற்கணிதம் என்கிறது ஒரு பக்கம். விகித சமம் என்கிறது இன்னொரு பக்கம். மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு என்று பின்னால் ஒரு பட்டாளமே நிற்கிறது. "எங்கள் காலத்தில் இதெல்லாம் வேறு மாதிரி" என்று இரண்டு நாள் சமாளிக்கிறார். மூன்றாம் நாள் கோபம் வருகிறது. பையன் முதுகில் ஓர் அடியும் விழுகிறது. பையனுக்குக் கணக்குத் தெரியவில்லை என்பதற்காக விழுந்த அடி அல்ல அது. அப்பாவுக்குத் தெரியவில்லை என்பதற்காக விழுந்த அடி.

எழுத்துத் தெரிந்தவர் வீட்டிலேயே இந்தக் கதை. எழுத்தே தெரியாத வீட்டில் என்ன நடக்கும்? தன்னிடம் இல்லாத ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுக்கும் கடமை பெற்றவர்களுக்கு உண்டா? உண்டு என்றால் எப்படிக் கொடுப்பது? இல்லை என்றால், அவர்கள் செய்யக்கூடிய உதவிதான் என்ன? சங்கராபுரத்துப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கும் என் நண்பர் சொன்ன சம்பவம் ஒன்று, இந்தக் கேள்வியை என்னை விட்டு அகலாதபடி செய்துவிட்டது.

சங்கராபுரம் கல்வராயன் மலைக்குக் கிழக்கே இருக்கிற ஊர். பழைய தென்னாற்காட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 1993-ல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போயிற்று. 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தது. மாவட்டங்கள் மாறினவே தவிர, கரும்பும் நெல்லும் மரவள்ளியும் மாறவில்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிற குடும்பங்களின் பிள்ளைகள் என் நண்பரின் வகுப்பில் நிறைய உண்டு.

அவர்களில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. கெட்டிக்காரி. அரையாண்டுப் பரீட்சை முடிந்து மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். மறுநாள் கொண்டுவந்தாள். அம்மாவின் பெயர் நீல மையில் அழகாக எழுதப்பட்டிருந்தது. அழகாக இருந்ததுதான் சந்தேகத்துக்கு இடமாகிவிட்டது. நண்பர் விசாரித்தார்; அவளே போட்ட கையெழுத்து.

மார்க்கு குறைந்த பிள்ளைகள் இப்படிச் செய்வது உலக வழக்கம். இவள் வகுப்பில் இரண்டாவது. மறைக்க வேண்டியது ஒன்றுமில்லையே! "ஏன் செய்தாய்?" என்று கேட்டால் அழுகை. தாயாரை அழைத்தார்கள். அந்த அம்மாள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு முதலில் புரியவே இல்லை.

"நல்ல மார்க்குதானே சார் வாங்கியிருக்கா? நான் கைநாட்டு வெச்சா அந்த மார்க்கு கொறஞ்சிடுமா?"

பெண் மறைக்க நினைத்தது மார்க்கை அல்ல, அம்மாவின் கட்டைவிரலை.

பெண் செய்தது தவறா என்றால், தவறுதான். பிறர் பெயரில் கையெழுத்திடுவதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அந்த வெட்கத்தை அவளுக்குக் கற்றுக் கொடுத்தது யார்? வீட்டில் யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. நாம்தான் கற்றுக் கொடுத்தோம். "படிக்காவிட்டால் கைநாட்டாகத்தான் திரிவாய்" என்று எத்தனை வகுப்பறைகளில் எத்தனை உபாத்தியாயர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கிறார்கள்! சினிமாவில் விகடம் செய்கிறவர்கள் அந்த வார்த்தையை வைத்து எத்தனை முறை கைதட்டல் வாங்கியிருக்கிறார்கள்! படிப்பின் மேல் ஆசை உண்டாக்குவதற்காகப் பெற்றவளின் மேல் இளக்காரத்தை உண்டாக்குகிறோம். பன்னிரண்டு வயதுப் பெண் அதை அப்படியே நம்பிவிட்டாள். கெட்டிக்காரப் பிள்ளைகள் நாம் சொல்வதை நம்பிவிடுகிறார்கள் என்பதுதான் அவர்களிடம் உள்ள கஷ்டம்.

என் நண்பர் தண்டிக்கவில்லை. தினமும் ராத்திரி அன்றைய பாடத்தை அம்மாவுக்குச் சொல்லிக் காட்ட வேண்டும், அம்மா புரிந்தது என்று சொன்னால்தான் பாடம் முடிந்தது என்று ஓர் ஏற்பாடு செய்தார். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு. "எனக்கு என்னா சார் புரியும்?" என்றாள். "புரியாவிட்டால் 'அப்படின்னா?' என்று கேளுங்கள், போதும்" என்றார் நண்பர்.

அந்த வருஷக் கடைசியில் சதவீதமும் தனிவட்டியும் வந்தன. அசலைக் காலத்தாலும் வீதத்தாலும் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும் என்பதை மனப்பாடமாக ஒப்பித்தாள் பெண். வேர்க்கடலை உரித்துக்கொண்டே, "அப்படின்னா?" என்றாள் அம்மா. அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்வோம் என்று, "நாம ரெண்டு வட்டிக்கு அஞ்சாயிரம் வாங்கினா, ஒரு வருஷத்துக்கு நூறு ரூபா வட்டிம்மா" என்றாளாம் பெண்.

"வருஷத்துக்கு நூறா? அந்த மகராசன் எந்த ஊர்ல இருக்கான்னு கேட்டுச் சொல்லுடி, நாளைக்கே போயி வாங்கியாரலாம்! மாசத்துக்கு நூறுடி. வருஷத்துக்கு ஆயிரத்து எறநூறு."

பெண் யோசித்தாள். ஊரார் பேச்சில் ரெண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். புத்தகத்தின் பாஷையில் அது ஆண்டுக்கு 24 சதவீதம். சூத்திரம் சரி, பெருக்கல் சரி, விடை மட்டும் பன்னிரண்டு மடங்கு தப்பு. வகுப்பில் இதே கேள்வியைப் போட்டுப் பார்த்தார் நண்பர். பெரும்பாலான பிள்ளைகள் நூறு ரூபாய் என்றுதான் எழுதினார்கள்.

இங்கே அம்மா கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாள் என்று நான் சந்தோஷப்படவில்லை. அடுத்த பாடத்தில் முக்கோணம் வந்தால் அவள் என்ன செய்வாள்? அவளால் எப்போதும் முடிகிற காரியம் அந்த 'அப்படின்னா?'தான். தெரியாத ஒருவருக்கு விளக்கும்போதுதான் தனக்கு எந்த இடத்தில் தெரியவில்லை என்பது பிள்ளைக்குத் தெரிகிறது. பட்டம் பெற்ற தகப்பனார் பாதி வாக்கியத்திலேயே பாய்ந்து விடையைச் சொல்லிவிடுவார். பிள்ளை எழுதிக்கொண்டு தூங்கப் போய்விடும். சில வீடுகளில் பிள்ளையின் படங்களையும் மாதிரிகளையும் பெற்றோரே செய்து அனுப்புகிறார்கள். அதற்கும் அந்தப் பெண் போட்ட கையெழுத்துக்கும் என்ன வித்தியாசம்? அங்கே பிள்ளை பெற்றவளின் பெயரைப் போட்டாள். இங்கே பெற்றவர் பிள்ளையின் பெயரைப் போடுகிறார். ஒன்றுக்கு விசாரணை, மற்றதற்குப் பரிசு!

இந்த யோசனையில் ஓர் ஆபத்து இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில், கிராமத்துப் பிள்ளைகள் அரை நாள் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. குலக்கல்வி என்று பெயர் வாங்கி, பெரிய கிளர்ச்சிக்கு ஆளாகி, 1954-ல் காமராஜ் முதலமைச்சராக வந்ததும் கைவிடப்பட்டது. கைவிட்டது நல்லதே. கரும்பு வெட்டுகிறவளின் மகள் கரும்பு வெட்டக் கற்றுக்கொள்ளப் பள்ளிக்கூடத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டியதில்லை. நான் சொல்வது, அம்மாவின் தொழிலை மகள் படிப்பது அல்ல. மகளின் படிப்பை அம்மா கேட்பது.

பரீட்சை வந்தால் இந்தப் பொறுமையெல்லாம் பறந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் எட்டாம் வகுப்பு முடிவில் இ.எஸ்.எல்.சி. என்று ஓர் அரசாங்கப் பரீட்சை இருந்தது. அதில் தேறியவர் ஊரில் பெரிய படிப்பாளி. 2019 செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு என்று தமிழக அரசு ஆணை போட்டது. எதிர்ப்புக் கிளம்பி, 2020 பிப்ரவரி 4-ஆம் தேதி ரத்தாயிற்று. இடைப்பட்ட ஐந்து மாதமும் பத்து வயதுப் பிள்ளைக்கு டியூஷன் தேடி அலைந்தவர்களை நண்பர் பார்த்திருக்கிறார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன்னால் உதவ முடியாது என்று எண்ணுகிறவர் உதவியை விலைக்கு வாங்கப் பார்க்கிறார். காசு உள்ளவருக்கு அது கிடைக்கிறது. இல்லாதவர் பிள்ளைக்கு எட்டாம் வகுப்பில் தோல்வி என்றால், அடுத்த வாரமே கரும்பு வெட்டுகிற கொடுவாள் கைக்கு வந்துவிடும். 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் அந்த வகுப்புகளில் நிறுத்தி வைக்கலாம் என்று விதி செய்தபோது, தமிழ்நாடு அதைப் பின்பற்றாது என்று சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.

மலைக்கு மேலே போனால் விஷயம் இன்னும் கடினம். வேலை தேடிப் பெற்றோர் கேரளத்துக்கும் குடகுக்கும் தோட்ட வேலைக்குப் போய்விடுகிறார்கள்; பிள்ளைகள் பாட்டியிடமோ பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலோ இருக்கிறார்கள். பள்ளியில் சோறு உண்டு, படுக்கை உண்டு, ஆசிரியரும் இருக்கிறார். 'அப்படின்னா?' என்று கேட்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை டெலிபோனில் "சாப்பிட்டியா, ஒடம்பு நல்லாருக்கா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. "இந்த வாரம் என்ன பாடம்?" என்று அவர்களும் கேட்கலாம், ஆனால் அது தங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று அவர்களை ஒதுங்கச் செய்தவர்கள் நாம்.

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. கூட்டத்துக்கு வருகிற தாய்மார்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தீர்மானப் புத்தகம் வந்ததும் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டுப் போகிறார்கள். அப்படி ஒரு கூட்டத்தில் அந்தப் பெண்ணின் தாயார் எழுந்து ஒரு கேள்வி கேட்டாளாம். வீட்டுப் பாடத்தில் பெற்றோர் உதவியுடன் செய்து வரவும் என்று எழுதி அனுப்புகிறீர்களே, அதை மகள் படித்துக் காட்டினாள். என்ன உதவி என்பதையும் எழுதி அனுப்பினால் என்ன?

அந்தக் கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை. ஆனால் நண்பர் இப்போது வீட்டுப் பாடம் கொடுக்கும்போது, வீட்டில் யாரிடம் எதைக் கேட்க வேண்டும், எதைச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து எழுதுகிறார்.