பிள்ளையின் மதிப்பீடும் நமது தராசும்



வாடிக்கைக்காரர் ஒருவர் நம் கடைக்கு வந்து, "நேற்று வாங்கிய பருப்பில் நூறு கிராம் குறைகிறதே!" என்று சொல்கிறார். நாம் என்ன செய்கிறோம்? யோக்கியமான வியாபாரி அந்தப் பொட்டலத்தை வாங்கி அவர் கண்ணெதிரிலேயே மறுபடியும் தராசில் வைப்பான். குறைவாக இருந்தால் குறையைக் கொடுத்து மன்னிப்புக் கேட்பான். சரியாக இருந்தால் வந்தவர் சமாதானமாகத் திரும்பிப் போவார். இதில் கேட்டவருக்கும் மானக்குறைவில்லை, நிறுத்தவருக்கும் மானக்குறைவில்லை. தராசு என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான்.

ஆனால் நிறுக்கப்படும் பொருள் நம் பிள்ளையின் கைவேலையாகவும், நிறுப்பவர் பள்ளிக்கூடத்து ஆசிரியராகவும் இருந்துவிட்டால் இந்த நிதானம் நம்மிடம் நிற்பதில்லை. ஒன்று, வாய் திறக்காமல் உள்ளுக்குள் புழுங்குகிறோம். அல்லது, கடையைப் பையனிடம் விட்டுவிட்டுச் சண்டைக்குக் கிளம்புகிறோம். இவ்விரண்டில் எது சரி, அல்லது இரண்டுமே பிழையா என்பதைப் பற்றிச் சிறிது யோசித்துப் பார்க்க விரும்புகிறோம்.

முன்பெல்லாம் இந்தக் கேள்வி இவ்வளவு பெரிதாக எழவில்லை. ஆண்டு முடிவில் பரீட்சை வரும். விடைத்தாளை முகம் தெரியாத ஒருவர் திருத்துவார். வந்த முடிவை ஏற்றுக்கொள்வோம். மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்களின் யு.பி.எஸ்.ஆர். பரீட்சை 2021-ஆம் ஆண்டிலும், மூன்றாம் படிவ மாணவர்களின் பி.டி.3 பரீட்சை 2022-ஆம் ஆண்டிலும் நிறுத்தப்பட்டுவிட்டன. எஸ்.பி.எம். வரைக்கும் பிள்ளைகளை நிறுத்துச் சொல்லும் பொறுப்பில் பெரும்பங்கு வகுப்பறை மதிப்பீட்டின்மீது விழுந்திருக்கிறது. அதில் ஒன்று முதல் ஆறு வரை அடைவு நிலைகள் உண்டு. எந்தப் பிள்ளை எந்த நிலையில் நிற்கிறது என்பதை, அதன் வேலையை நாள்தோறும் பார்க்கும் ஆசிரியரே தம் தொழிலறிவைக் கொண்டு தீர்மானிக்கிறார்.

கணக்குப் பாடத்தில் விடை சரியா தவறா என்று யாரும் சொல்லிவிடலாம். செய்முறைப் பாடத்தில் அப்படியல்ல. ஒரு பிள்ளை விளக்குச் செய்கிறது, ஒரு பிள்ளை பலகாரம் செய்கிறது, ஒரு பிள்ளை துணி தைக்கிறது. அதை மூன்றாம் நிலை என்பதா, ஐந்தாம் நிலை என்பதா? இங்கே ஆசிரியரின் கண்ணும் மனமுமே தராசு. நம் கடைத் தராசுகளை 1972-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டப்படி ஆண்டுதோறும் சோதித்து முத்திரை வைக்கிறார்கள். ஆசிரியரின் கண்ணுக்கும் மனத்துக்கும் முத்திரை வைப்பது யார்? அல்லாஹ்வின் அச்சம் ஒன்று, எழுதிவைத்த அளவுகோல் ஒன்று, பெற்றோர் மரியாதையோடு கேட்கும் கேள்வி ஒன்று. இம்மூன்றையும் தவிர வேறு முத்திரை இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

இதைப் பொதுவில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது எளிது. ஆகையால் நம் வீட்டில் நடந்ததையே மறைக்காமல் எழுதுகிறோம்.

நம் மகன் இரண்டாம் படிவம் படிக்கிறான். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்துக்காக ஒரு சிறிய மேசை விளக்குச் செய்தான். பலகையை அறுத்து, தேய்த்து, சாயம் பூசி, சுவிட்சு வைத்து முடித்தான். கடையில் கல்லாவின் பக்கத்தில் வைத்து எரித்துப் பார்த்தோம். வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். மதிப்பீடு வந்தபோது மூன்றாம் நிலை என்றிருந்தது. அவனுடைய கூட்டாளி ஒருவனுக்கு ஐந்தாம் நிலை. அந்தப் பிள்ளையின் விளக்கு கோணலாக நின்றதாக நம் மகன் சொன்னான். நமக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி மகனுக்காக. மீதிப் பாதி, விளக்கை மெச்சியவர்களிடம் இனி என்ன சொல்வது என்ற நம் கௌரவத்துக்காக. இதை அன்று நாம் உணரவில்லை.

நண்பர் ஒருவர், "ஆசிரியரை எதிர்த்துப் பேசாதீர்கள், அது அதபு அல்ல" என்றார். இன்னொருவர், "பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஆண்டுதோறும் நன்கொடை கொடுக்கிறீர்களே, தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதுமே!" என்றார். இரண்டையும் மார்க்கத்தின் முன் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, கேட்பது அதபுக் குறைவா? ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள ஒரு சம்பவத்தை மதரஸாவில் ஓதிய எவரும் மறந்திருக்க முடியாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நான்கு ரக்அத் தொழுகையொன்றில் இரண்டு ரக்அத்தோடு ஸலாம் கொடுத்துவிட்டார்கள். ஜமாஅத்தில் அபூபக்ர் (ரலி) அவர்களும் உமர் (ரலி) அவர்களும் இருந்தார்கள். கண்ணியத்தின் காரணமாக அவர்கள் பேசத் தயங்கினார்கள். துல்யதைன் என்று அழைக்கப்பட்ட ஒரு தோழர் எழுந்து, தொழுகை சுருக்கப்பட்டுவிட்டதா, அல்லது தாங்கள் மறந்துவிட்டீர்களா என்ற கருத்தில் விசாரித்தார். நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டவரைக் கண்டிக்கவில்லை. மற்றவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, விடுபட்டதைத் தொழுது, மறதிக்கான ஸஜ்தாவும் செய்தார்கள்.

சகோதரர்களே! துல்யதைன் அவர்கள் கேட்ட முறையைக் கவனியுங்கள். "பிழை செய்துவிட்டீர்கள்" என்று அவர் சொல்லவில்லை. நமக்குத் தெரியாத சட்டம் ஒன்று வந்திருக்கலாம், அல்லது மறதி நேர்ந்திருக்கலாம் என்று இரண்டு வாசலையும் திறந்து வைத்துக் கேட்டார். இன்றும் இமாம் மறந்தால் பின்னால் நிற்பவர்கள் ஸுப்ஹானல்லாஹ் என்றுதான் நினைவூட்டுகிறார்கள். இமாமைத் திட்டுவதில்லை, தொழுகையை முறித்துக்கொண்டு வெளியேறுவதுமில்லை. அல்லாஹ்வின் தூதரிடமே கேட்க முடிந்ததென்றால் பள்ளிக்கூடத்து ஆசிரியரிடம் கேட்பது அதபுக் குறைவாகாது. கேட்கும் முறையில்தான் அதபு இருக்கிறது.

இரண்டாவது, செல்வாக்கைக் கொண்டு வாங்குவது. இதற்கும் நமக்கு எச்சரிக்கை உண்டு. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது ஒன்றின் கருத்து இது: வழக்காட வரும் இருவரில் ஒருவர் மற்றவரைவிடச் சாமர்த்தியமாகப் பேசக்கூடும், அந்தப் பேச்சைக் கேட்டு அவர் பக்கம் தீர்ப்பாகிவிட்டால், தன் சகோதரனின் உரிமையிலிருந்து அவர் எடுத்துக்கொள்வது நெருப்புத் துண்டாகும். தீர்ப்பளித்தவர் நபியாகவே இருந்தாலும், ஜெயித்தவனுக்கு அந்தப் பொருள் ஹலாலாகிவிடாது என்பது இதன் படிப்பினை. அப்படியானால் நன்கொடை ரசீதைக் காட்டி வாங்கும் ஐந்தாம் நிலையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? செல்வாக்கில்லாத ஏழைப் பிள்ளை தன் மூன்றாம் நிலையோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது, அது அந்தப் பிள்ளையின் உரிமையில் கை வைப்பதே ஆகும்.

ஆகவே தலைமையாசிரியரிடம் போகாமல், பாடம் நடத்தும் ஆசிரியையிடமே நேரம் கேட்டு, மகனையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு போனோம். "எந்த அளவுகோலின்படி மூன்றாம் நிலை என்று தெரிந்துகொள்ளலாமா?" என்று கேட்டோம். அந்தப் பெண்மணி முகம் சுளிக்கவில்லை. மகனுடைய கோப்பைக் கொண்டுவந்து ஒவ்வொரு தாளாகக் காட்டினார். விளக்கு மட்டுமே மதிப்பீடல்ல என்பது அப்போதுதான் நமக்கு விளங்கியது. முதல் வரைபடம், சாமான் பட்டியல், செலவுக் கணக்கு, வேலை நடந்த குறிப்பு, செய்து பார்த்த சோதனை எல்லாமே அதில் சேர்த்தி. நம் மகனின் கோப்பில் செலவுக் கணக்கு அரைகுறையாக இருந்தது. கடைக்காரன் மகன் கணக்கில் குறைந்தான் என்றால் வெட்கம் யாருக்கு?

சோதனைத் தாளோ கோப்பில் இல்லவேயில்லை. "கொடுத்தேன், டீச்சர்" என்றான் மகன். அவர் எழுந்து போய்த் தேடினார். வேறொரு வகுப்பின் கட்டுக்குள் அந்தத் தாள் இருந்தது. "இது என் பிழை, மறுபடியும் பார்த்துச் சரிசெய்கிறேன்" என்று உடனே ஒப்புக்கொண்டார். நாம் போயிருக்காவிட்டால் அந்தத் தாள் அங்கேயே கிடந்திருக்கும். வாய் திறக்காமலிருப்பது எப்போதும் பொறுமையாகிவிடாது என்பதற்கு இதுவே சாட்சி.

இதோடு எழுந்து வந்திருந்தால் இக்கட்டுரையை எழுத வேண்டிய அவசியம் நேர்ந்திராது. ஆசிரியை விளக்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஈயம் பற்றவைத்திருப்பது மிகவும் சுத்தமாக இருக்கிறது. இதற்கும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்" என்றார். மகன் நம் முகத்தைப் பார்த்தான். அந்த வேலையை அவன் செய்யவில்லை. நம் கடைக்கு இரண்டு கடை தள்ளிக் கைப்பேசி பழுதுபார்க்கும் தம்பி செய்து கொடுத்தது அது. மகனின் கை சுட்டுவிடப்போகிறது என்று பயந்து, அந்தத் தம்பியிடம் கொடுத்து வாங்கியது நாமேதான்.

நாம் பேசவில்லை. சகோதரர்களே, உண்மையைச் சொல்கிறோம், நாம் பேசவில்லை. நியாயம் கேட்கப் போன வாய் அந்த நேரத்தில் அடைத்துக்கொண்டது. பிள்ளைதான் பேசினான். "அதை நான் செய்யவில்லை, டீச்சர். வேறொரு அண்ணன் செய்து தந்தார்" என்றான். அதற்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை; அத்தாதான் கொடுத்தார் என்று நம்மைக் காட்டிக் கொடுக்கவுமில்லை. பிறகு நாமே அதைச் சொன்னோம். காலம் கடந்து சொன்னோம்.

கடைத்தெருவில் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றுக்குள் கை விட்டுப் பார்த்தபோது, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நனைந்ததை ஏன் மேலே வைக்கவில்லை என்ற கருத்தில் அவர்கள் வியாபாரியைக் கண்டித்தார்கள். இந்த ஹதீதைக் கடையில் எத்தனையோ பேருக்கு நாம் எடுத்துச் சொல்லியிருக்கிறோம். அன்று நம் குவியலுக்குள் நனைந்த தானியம் இருந்தது. அதை எடுத்து மேலே வைத்தவன் பதினான்கு வயதுப் பையன்.

திருக்குர்ஆனின் 83-வது அத்தியாயம் முதஃப்பிஃபீன் என்பது நம் போன்றவர்களுக்கென்றே இறங்கியதுபோல் தோன்றும். அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களுக்கு அதில் கேடு சொல்லப்படுகிறது. அரிசியும் பருப்பும் மட்டுமே அளக்கப்படும் பொருள்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆசிரியரின் பிழையைத் துல்லியமாக நிறுத்து, நம் பிழையைத் தராசிலேயே ஏற்றாமல் விடுவதும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். பெற்றோருக்கோ உறவினருக்கோ நமக்கே எதிராக இருந்தாலும் நீதிக்காகச் சாட்சி சொல்ல வேண்டும் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 135-வது வசனம் கட்டளையிடுகிறதே! பிள்ளைக்காக வாதாடப் போகும் தகப்பன் அங்கே வக்கீல் மட்டுமல்ல, சாட்சியும்கூட.

"ஒரு நல்ல மதிப்பீட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்பார்கள். நஷ்டம் பிள்ளைக்கே. குறைந்த எடையை நிறைந்ததென்று முத்திரை குத்திக் கொடுத்தால், நாளைக்குத் தொழிற்கூடத்தில் ஈயக்கோலைக் கையில் கொடுக்கும்போது அந்த முத்திரை கைகொடுக்குமா? மதிப்பீடு பிள்ளைக்குச் சூட்டும் மாலையல்ல. அது எவ்வளவு கற்றிருக்கிறது, இன்னும் எவ்வளவு கற்க வேண்டும் என்று காட்டும் பேரேடு. வரவை ஏற்றி எழுதிய பேரேட்டை நம்பி வியாபாரம் செய்தவன் என்ன கதிக்கு ஆளாவான் என்பதை வியாபாரிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நம் அபிப்பிராயம் இது. பிள்ளையின் வேலைக்கு அநீதி நடந்ததாகத் தோன்றினால் அவசியம் கேளுங்கள். கேட்பதற்கு முன் பிள்ளையைத் தனியே உட்காரவைத்து, எதை அவன் செய்தான், எதைப் பிறர் செய்தார்கள் என்று விசாரியுங்கள். தலைமையாசிரியரிடம் போவதற்கு முன் பாட ஆசிரியரிடம் போங்கள். அளவுகோலைக் கேளுங்கள், மற்றப் பிள்ளையின் மதிப்பீட்டை இழுக்காதீர்கள். கோணல் விளக்குச் செய்த அந்தப் பிள்ளை தன் கையாலேயே எல்லாவற்றையும் செய்திருக்கலாம், கோப்பையும் நிறைவாக எழுதியிருக்கலாம். ஆசிரியர் பிழையை ஒப்புக்கொண்டால் நன்றி சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாமலும் உங்கள் கேள்விக்கு விடை தராமலும் இருந்தால் மட்டும் மேலே போங்கள். நன்கொடையைப் பற்றி எந்த இடத்திலும் வாய் திறக்காதீர்கள்.

முடிவு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்பார்கள். அடுத்த வாரம் ஆசிரியை தம் கண்முன்னே மகனை ஈயம் பற்றவைக்கச் சொன்னார். ஓர் இணைப்பு நின்றது, ஒன்று விட்டுப்போயிற்று. கிடைத்த தாளால் ஏறியதும் ஈயத்தால் இறங்கியதும் சரிக்குச் சரியாகி, மூன்றாம் நிலை மூன்றாகவே நிற்கிறது. அந்த விளக்கு இன்றும் கல்லாவின் பக்கத்தில் எரிகிறது. யாராவது மெச்சினால், "ஈயம் பற்றவைத்தது மட்டும் வேறொருவர்" என்று சொல்லிவிடுகிறோம்.

நம்முடைய தராசுகளையும் நம் பிள்ளைகளை நிறுக்கும் தராசுகளையும் அல்லாஹ் நேராக்கி வைப்பானாக! ஆமீன்.